கல்லில் இல்லாத முன்னோர்

தம் குலத்தின் வேர்களைத் தேடும் ஆர்வம் இன்று பலரிடம் பெருகியுள்ளது. நல்ல ஆர்வமே. ஆனால் தேடுவோர் கண்டடைய ஏதேனும் எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா? எவரை எழுதினார்கள், எவரை எப்படி எழுதினார்கள் என்பதிலேயே ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் 1690-களில் எழுப்பிய கோட்டை உள்ளது. அங்குள்ள கல்லறைகளுள் மிகப் பழையது 1704-ஆம் ஆண்டினது. பழைய திருவிதாங்கூரின் உதயகிரிக் கோட்டையிலோ, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் துயில்கிறார். 1777-இல் மறைந்த அவரது கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்தவருக்குக் கல் உண்டு; இம்மண்ணில் பிறந்து எரியூட்டப்பட்டோரில் பெரும்பாலோருக்கு அது இல்லை. சிராத்தத்திலும் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூன்று தலைமுறையோடு பெயர் நின்றுவிடுகிறது.

எனவே நாம் நாடவேண்டியது ஓலைகளையே. திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஏடுகள் உட்படப் பல்லாயிரம் ஓலைகள் உள்ளன. வட்டெழுத்தும் கோலெழுத்தும் பயில வேண்டும். கொல்லம் ஆண்டுடன் 824 அல்லது 825-ஐக் கூட்ட வேண்டும். தாய்வழித் தரவாடுகளில் தந்தையின் பெயரைப் பின்தொடர்ந்தால் வழி தவறும். அங்கே உரிமை மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது.

இத்தனை உழைப்புக்குப் பின் ஒருவர் தம் மூதாதையைக் காண்கிறார் என்று கொள்வோம். அவர் நிலமுடையவர். நிலத்தோடு அடிமைகளையும் விற்று எழுதிய ஆவணங்கள் திருவிதாங்கூரில் உண்டு. 1855-இல்தான் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஒருவருக்குக் குலப்பெருமையைத் தரும் அதே ஓலை, இன்னொருவரின் முன்னோரைப் பொருளாகக் கணக்கிட்டிருக்கக் கூடும். அவரது சந்ததியினர் தம் மூதாதையின் சுவட்டைத் தேடி, உடையவரின் ஏட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

‘அது அக்காலத்து வழக்கம், நமக்கென்ன?’ என்று கேட்கலாம். நம் மரபு முன்னோருக்குச் செய்வதைக் கடன் என்றே அழைக்கிறது; அவர்கள் தந்ததை நாம் நுகர்வதால் வந்த கடன் அது. அவர்கள் தந்ததில் பிறரது கூலியில்லா உழைப்பும் கலந்திருந்தால் அக்கடன் அவர்களோடு முடிந்துவிடுமா? பெருமை மட்டும் எனக்கு, பழி காலத்துக்கு என்று பங்கிடுவது நேர்மையன்று எனத் தோன்றுகிறது. பழிக்காக நாணித் தலைகுனிவதும் பெரும் பயன் தராது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் தன் கோத்திரம் அறியாதவன். அறியேன் என்று உள்ளபடி உரைத்ததற்காகவே கௌதமர் அவனைச் சீடனாக ஏற்றார். குலம் அறியாமை அங்கே குறையாகவில்லை, மறைத்திருந்தால்தான் குறை.

கரமனை ஆற்றங்கரையில் உள்ள திருவல்லத்தில் கர்க்கடக அமாவாசையன்று பெருந்திரளானோர் பலியிடுகின்றனர். தர்ப்பண முறையில், உறவென்று எவருமின்றி மறைந்தோருக்கும் ஒரு கை நீர் உண்டு. அதைச் செய்பவர், காப்பகத்தில் தம் குலப்பெயரைப் படியெடுக்கையில் அதே ஓலையில் விலையோடு எழுதப்பட்ட பெயர் ஏதும் இருந்தால் அதையும் படியெடுத்து வைக்கலாம். தேடிவரும் ஒருவருக்கு, கிடைக்கக்கூடிய ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம்.