யாரால் வந்தது என்னும் கேள்வி

ஒரு வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் நம்மவர் முதலிற் கேட்பது ‘யாரால் வந்தது?’ என்பதே. செய்வினை என்பார் சிலர். முன்வினைப் பயன் என்பார் சிலர். வளர்ப்பின் குறை என்று பெற்ற தாயைச் சுட்டுவார் பலர். கற்றவர் இப்பிழைக்கு அப்பாற்பட்டவர் என்று எண்ணவேண்டா. பிரீடா பிரோம்-ரைக்மன் என்னும் மனமருத்துவ அறிஞர், மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்றொரு கருத்தை 1948இல் எழுதினார். ஆராய்ச்சி பின்னர் அதனைத் தள்ளிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ அன்னையர் பிள்ளையின் நோயோடு அப்பழியையும் சுமந்தனர்.

இன்று சமூகப் பணியாளர் நோயாளியின் இல்லஞ் சென்று, நோயை வளர்க்கும் கூறுகள் இவை, காக்கும் கூறுகள் இவை என்று குறித்து வருகின்றார். மரபு, வறுமை, குடி, அண்மையில் நேர்ந்த சாவு ஒருபுறம்; வேலை, நல்லுறக்கம், மனம் விட்டுப் பேச ஒரு துணை மறுபுறம். பழைய பழியையே புதிய தாளில் எழுதுவதாகுமா இது? ‘மரபு’ என்று எழுதிய ஒரு சொல் தெருவிற்குக் கசிந்தால் நோயாளியின் தங்கைக்கு வரும் வரன் நின்றுபோகும். அப்போது அந்த ஏடே அவ்வீட்டிற்குப் புதியதொரு கேடாகிவிடுகின்றதன்றோ?

குடும்பம் எப்புறம் சேரும் என்று பார்ப்போம். மருத்துவமனையினின்று வெளிவந்த மனச்சிதைவு நோயினரை 1950களில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் தொடர்ந்து கவனித்தனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர், வாடகை அறையிலும் உடன்பிறந்தாரிடமும் தங்கியவரைக் காட்டிலும் நலிந்தனர்! ஓயாத குறைகூறலும், பகைமையும், அளவு கடந்த கவலையும் நிறைந்த வீட்டில் நோய் மீண்டும் தலையெடுப்பது பின்னர்ப் புலனாயிற்று.

அவ்வாறாயின் உறவினரை விலக்கிவிடலாமா? அதே பத்தாண்டில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலே கூடாரம் அடித்துச் சுற்றத்தாரை உடன் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல நிலையமும் உறவினரை உடன்வைத்தே சிகிச்சை அளித்தது. சண்டிகரில் பின்னாளில் ஆராய்ந்தபோது, குறைகூறும் சுற்றத்தார் இலண்டனைவிட அங்கே குறைவென்று கண்டனர். ஒரே குடும்பம் காலையிற் காப்பாகவும் மாலையிற் கேடாகவும் இருத்தல் கூடும். கடுஞ்சொல் கூறும் அன்னை இரவெல்லாம் விழித்திருந்தவளாக இருக்கலாம். அச்சொல்லை ஏட்டிற் பதியும் பணியாளர், அவள் கண்ணயர்ந்து எத்தனை நாளாயிற்று என்றும் கேட்டல் வேண்டும். மாற்ற இயலாத மரபை முதல் வரியிற் பெரிதாக எழுதிவிட்டு, மாற்றக்கூடிய இதனைக் கேளாது வருவோர் உளர்.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், பாட்டரி சாலையில், மெடிக்கோ பாஸ்டோரல் அசோசியேஷன் என்னும் சங்கம் உண்டு. 1964இல் தோன்றியது. மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் நடுவே, குணமடைந்து வருவோர் தங்கி அன்றாட வாழ்வைத் திரும்பப் பழகும் இடைநிலை இல்லத்தை நம் நாட்டில் முன்னோடியாக நடத்தியது அது. இத்தகைய இல்லத்தின் சிறப்பாக நாம் கருதுவது யாதெனில், மகனும் தாயும் சிறிது காலம் பிரிந்திருப்பதற்கு இருவருள் ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. மகன் பழகுகின்றான், தாய் உறங்குகின்றாள்.

இடமின்மை என்னாகும் என்பதற்கு ஏர்வாடியே சான்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச்சென்ற உறவினரைப் பழித்தல் எளிது. வேறு எங்கே விடுவது என்று அவர்கள் கேட்டிருப்பின் நம்மில் எவர் விடை கூறியிருப்போம்? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்துவிட்டது. சங்கிலி கழன்ற வீட்டில் இன்றிரவு யார் விழித்திருப்பது, நாளை அவருக்கு மாற்றாக யார் வருவது என்னும் இரண்டு வினாக்களையும் பணியாளரின் ஏட்டிலே முதற்பக்கத்திற் காண விரும்புகின்றோம்.