காவலும் வெற்றியே

நிபோங் திபால் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளித் திடல் எதுவாயினும், மாலை வேளையில் மாணவர் காற்பந்தாட அணி பிரியும் காட்சி ஒன்றே. முன்களத்தில் நின்று கோல் அடிக்கப் பலர் முந்துவர். பின்களத்தில் நின்று காக்க முன்வருவோர் அரியர். முடிவில் விரைந்து ஓடமாட்டாதவனும் வயதில் இளையவனும் புதிதாய்ச் சேர்ந்த சிறுமியுமே அவ்விடத்தில் நிறுத்தப்படுவர். இது சிறு காட்சிதான். எனினும் இதனுள் பெரியதோர் அறவினா அடங்கியுள்ளது. ஒன்றை நிகழச் செய்பவர் செயல் பெரிதா? நிகழக் கூடாத ஒன்றை நிகழாமல் தடுப்பவர் செயல் பெரிதா?

ஆக்கும் செயலுக்குச் சான்று உண்டு. அதனைக் கண்ணால் காணலாம், விரலால் எண்ணலாம். தடுக்கும் செயலுக்கோ அத்தகைய சான்று இல்லை. கிரியான் ஆற்றில் வெள்ளம் பெருகும்போது கரை உடைந்தால் ஊர் முழுதும் அதனையே பேசும். உடையாது நின்ற கரையைப் பற்றி எவர் பேசுவர்? நோய் வந்தபின் தீர்த்த மருத்துவரை நாம் வாழ்நாளெல்லாம் நினைவில் வைக்கிறோம். தடுப்பூசி இட்டு நோயே வாராமற் செய்த தாதியின் முகம் நம் நினைவில் இல்லை. காவலின் முழு வெற்றி யாதெனில், ஒன்றும் நிகழாமையே. ஒன்றும் நிகழாதபோது பாராட்டவும் எவருக்கும் தோன்றுவதில்லை.

இக்குறை இன்று தோன்றியதன்று. நம் புறத்திணை மரபிலேயே இதன் சுவடு உண்டு. ஆநிரை கவர்தல் வெட்சி. கவர்ந்த ஆநிரையை மீட்டல் கரந்தை. மதிலை வளைத்தல் உழிஞை. மதிலைக் காத்தல் நொச்சி. தொல்காப்பியர் வகுத்த ஏழு புறத்திணைகளுள் கரந்தைக்கும் நொச்சிக்கும் தனியிடம் இல்லை. கரந்தை வெட்சியுள் அடங்கியது. நொச்சி உழிஞையுள் அடங்கியது. பின்னாளில் புறப்பொருள் வெண்பாமாலை இயற்றிய ஐயனாரிதனார் அவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாக வைத்துப் பன்னிரண்டு எண்ணினார். மீட்பவர்க்கும் காப்பவர்க்கும் தனிப் பெயரும் தனிப் பூவும் உரியன என்பதைத் தமிழ் இலக்கணம் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது எனக் கொள்வதில் தவறில்லை.

விளையாட்டுலகம் இன்னும் அந்நிலையை எய்தவில்லை. காற்பந்தில் தனியொருவர்க்கு வழங்கப்படும் புகழ்மிக்க பரிசு, 1956இல் தொடங்கிய தங்கப் பந்து விருது. ஆடவருள் அதனைப் பெற்ற பின்கள ஆட்டக்காரர் மூவரே. செருமானியராகிய பெக்கன்பவர் 1972, 1976 ஆகிய ஆண்டுகளிலும், சாமர் 1996இலும், இத்தாலியராகிய கன்னவாரோ 2006இலும் பெற்றனர். கன்னவாரோ தலைமையில் இத்தாலி உலகக் கிண்ணம் வென்ற அவ்வாண்டில், ஏழு ஆட்டங்களில் அவ்வணி விட்ட கோல்கள் இரண்டே. ஒன்று தன் அணியினர் ஒருவரின் காலிலேயே பட்டுப் புகுந்தது, மற்றொன்று பினால்டி. இத்துணை வியத்தகு காவல் அமைந்தால்தான் காவலர் ஒருவர் கண்ணுக்குத் தெரிகிறார் போலும்! மகளிர்க்கு 2018இல் ஏற்பட்ட அதே விருதை 2025 வரை பின்களத்தார் எவரும் பெறவில்லை.

இந்நிலையில் மணிப்பூர் மாநிலத்து ஆஷாலதா தேவியின் ஆட்ட வாழ்வு எண்ணிப் பார்க்கத் தக்கது. 1993இல் பிறந்த இவர் இந்திய மகளிர் அணியின் பின்களத்தில் நின்றவர், அணித்தலைவியாகவும் விளங்கியவர். 2018–19ஆம் பருவத்தின் சிறந்த இந்திய வீராங்கனை என்னும் சிறப்பு, கோல் அடித்துக் குவித்தவரை விடுத்து இவரை அடைந்தது. 2019இல் ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான இறுதி மூவர் பட்டியலிலும் இவர் பெயர் இடம்பெற்றது. 2024இல் 100ஆவது பன்னாட்டு ஆட்டத்தை ஆடினார். இந்திய மகளிருள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியவர் இவரே.

ஆயினும் இவர் வாழ்வின் ஆழ்ந்த பாடம் பரிசுகளில் இல்லை. 2022ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், நவி மும்பையில் ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியா ஈரானை எதிர்த்து ஆடியது. இரு பக்கமும் கோல் இல்லை. ஈரானியக் காவலும் இந்தியக் காவலும் தத்தம் கடமையை முடித்தன. அடுத்த ஆட்டத்திற்கு முன்னரே கொரோனா நோய் இந்திய அணியினுள் புகுந்தது. களமிறங்கத் தேவையான 13 பேர் தேறவில்லை. 23ஆம் நாள் ஆட்டம் நடைபெறவில்லை. சொந்த மண்ணில் நடந்த போட்டியிலிருந்தே அணி விலகியதாக முடிவாயிற்று. உலகக் கிண்ணத்திற்குச் செல்லும் வழியும் அத்துடன் அடைபட்டது. தலைவி காத்த வாயிலில் எதிரியின் பந்து நுழையவில்லை. அவரால் காக்க இயலாத வாயிலில் நோய் நுழைந்தது. பயன் கைகூடாமையால் அவர் ஆற்றிய காவல் பொய்யாகி விடுமா? ஆகாது. தன் எல்லைக்குள் தன் கடன் முடித்தவரின் அறத்தை அவர் எல்லைக்கு அப்பால் நேர்ந்த இழப்பு அழிப்பதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காவல் என்றாலே அறமாகிவிடுமா? இல்லை. பெண்ணைக் காக்கிறோம் என்று சொல்லியே அவளைத் திடலுக்கு அனுப்பாத சமுதாயங்கள் பல. இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 1921இல், இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது எனக் கூறித் தன் சங்கத் திடல்களை அவர்க்கு மூடியது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அத்தடை நீடித்தது. அதுவும் காவல் என்றே சொல்லப்பட்டது! ஒருவரை வளரவிடாது அடைப்பது சிறை; ஒருவர் அச்சமின்றி முன்னேறத் துணையாய்ப் பின் நிற்பதே காவல். இத்தாலிய மகளிர் அணித்தலைவியாக விளங்கிய சாரா காமாவும் பின்கள ஆட்டக்காரரே. அவர் ஆட்டக்காரர் சங்கத்திலும் பொறுப்பேற்று, பின்வரும் பெண்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தார். 2022 சூலை முதல் நாளன்று இத்தாலியின் முதல்நிலை மகளிர் ஆட்டம் முறையான தொழிலாக ஏற்கப்பட்டது. திடலில் கற்ற காவல் திடலுக்கு வெளியேயும் பயன்பட்டது.

கோல் அடிக்காமல் எவ்வணியும் வெல்லாது என்பது மெய்யே. முன்னிற்பவரின் புகழைக் குறைக்க வேண்டுவதில்லை. ஆனால், முன்னிற்பவர் துணிந்து முன்செல்வது பின்னிற்பவரை நம்பியன்றோ? காப்பவர் புகழை எதிர்பாராது நிற்றல் அவருக்கு அழகு. அதனைக் காட்டாகக் கொண்டு அவரைப் பாராட்டாது விடுதல் நமக்கு அழகன்று. காணாததைக் காணக் கற்பிப்பதே கல்வி. நாளை மாலை பள்ளித் திடலில் அணி பிரியும்போது, பின்களத்திற்கு அனுப்பப்படும் அச்சிறுமியிடம், எஞ்சிய இடத்தில் நிற்கச் சொல்லவில்லை, நம்பிக்கைக்குரிய இடத்தில் நிற்கச் சொல்கிறோம் என்று எடுத்துரைக்கும் ஆசிரியர், அவள் கையில் ஒரு நொச்சிப் பூவைக் கொடுத்தவராவார்.