அறியாது வைக்கும் அடி

கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் புறப்படுகையில் கவுந்தியடிகள் அவர்களுக்குச் சொல்லும் வழி எச்சரிக்கை, சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் வருகிறது. அதைச் சோழ நாட்டு வளத்தின் வர்ணனை என்று மட்டும் கொண்டு, ரசித்துவிட்டுக் கடந்து போவோர் பலர். ஜீவகாருண்யத்தைப் பற்றித் தமிழில் எழுந்த சிந்தனைகளுள் இத்துணை நுட்பம் வாய்ந்தவை சிலவே என்பது என் அபிப்பிராயம்.

சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடி மறைத்திருக்கும். வயல் வழியே சென்றாலோ, களை பறிப்போர் பிடுங்கி எறிந்த குவளை மலர்களில் வண்டுகள் ஒடுங்கிக் கிடக்க, நடந்து களைத்தவர் அறியாமல் அவற்றின்மேல் அடி வைத்துவிடக்கூடும். நீர்க்கரையிலோ, புள்ளி நண்டும் நத்தையும் காலின்கீழ் நசுங்கி வருந்தும், அவ்வருத்தமோ நம்மால் தாங்கத் தக்கதன்று. வயலும் சோலையுமன்றி வேறு மார்க்கமும் இல்லை. ஆகவே பார்த்து நடந்து வருக என்கிறார் அந்தச் சமணத் துறவி. தீங்கே நேராத பாதை ஒன்று எங்கோ இருப்பதாக அவர் ஆசை காட்டவில்லை. பயணத்தைக் கைவிடுமாறும் சொல்லவில்லை.

கருதாமல் விளைந்த தீங்கு பாவமாகுமா என்பது பாரத தேசத்துத் தத்துவ சமயங்கள் நெடுங்காலம் வாதித்த கேள்வி. சங்கற்பமே கர்மம் என்றார் புத்தர். ஜைன ஆசாரியரான உமாஸ்வாதியோ தமது தத்துவார்த்த சூத்திரத்தில், அஜாக்கிரதையின் வசப்பட்டு உயிரைப் போக்குவதே ஹிம்சை என்று வகுத்தார். கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை என்று கூறி நாம் விலகிவிட இந்த இலக்கணம் இடம் தருவதில்லை. அதே சமயத்தில், எவ்வளவு ஜாக்கிரதையாக நடந்தும் தவிர்க்க முடியாது போன ஒன்றுக்காக நம்மை நரகத்துக்கு அனுப்புவதும் இல்லை. கவுந்தியடிகள் நிற்கும் இடம் இதுவே என்று நான் கொள்கிறேன்.

கவுந்தியின் காலத்தில் ஒருவருடைய அடி அவருடைய கண்ணுக்கு எட்டிய இடத்தில் விழுந்தது. இன்று அது வெகுதூரத்தில் விழுகிறது. மீந்த சோற்றைப் பாலிதீன் பையில் முடிந்து தெருவில் எறிகிறவருக்கு எவ்வித துவேஷமும் இல்லை. ஆனால் முடிச்சை அவிழ்க்கக் கையில்லாத பசு பையோடு விழுங்க, அது முதல் இரைப்பையில் தங்கி, அசை போடவும் வராமல் கீழே இறங்கவும் செய்யாமல் நாளடைவில் திரண்டு, வயிறு நிறைந்திருக்கவே அப்பிராணியைப் பட்டினியால் மெலிவிக்கிறது.

பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதை இதனினும் துயரமானது. நோயுற்ற மாட்டின் வலி தணியட்டும் என்ற கருணையினாலேயே டைக்ளோஃபினாக் ஊசி போடப்பட்டது. அந்த மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. இந்தியாவில் மூன்று பாறு இனங்கள் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்தொழிந்த பின்னரே, 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தமையால், 2015-இல் அந்தப் புட்டியையும் 3 மில்லியாகச் சுருக்க நேர்ந்தது. பாறுகளைக் கொல்லாத மெலாக்சிகாம் என்ற மருந்து கடையில் கிடைக்கிறது. கருணை மட்டும் போதாது, அது விசாரித்து அறியவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

நான் ஒருவன் மாறுவதனால் உலகம் மாறிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இதற்கு எப்பொழுதோ விடை கூறிவிட்டார்: உண்பதற்காக வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்பது அவர் கருத்து. கொலையைத் தன் கையால் செய்யாதவன், காசு கொடுத்து அதில் பங்கு பெறுகிறான் என்ற இந்த நியாயம் புலாலோடு நின்றுவிடுவதன்று. பை, மருந்து, பட்டாசு என நாம் வாங்கும் ஒவ்வொரு பண்டத்துக்கும் பொருந்தும்.

முழுமையான தூய்மை இல்லறத்தாருக்கு இயலாது. அதனை எதிர்பார்த்து ஒன்றும் செய்யாதிருப்பது விவேகமும் அன்று. பசுவுக்கு ஒரு வாய் புல் கொடுப்பதை யாவருக்கும் இயன்ற அறங்களுள் ஒன்றாகத் திருமூலர் வைத்தார். அந்தப் புல்லோடு பிளாஸ்டிக் கலவாமல் பார்த்துக்கொள்வது நம் காலத்தவருக்கு உரிய பகுதி. ஆகவே வாசகர்களை நான் வேண்டுவது இதுதான்: மீந்த சோற்றைப் பையில் கட்டி எறியாதீர்கள், மாட்டுக்கு ஊசி போட வருகிற வைத்தியரிடம், அது எந்த மருந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.