உன் கண்ணுக்கு யாரிடம் அனுமதி கேட்கிறாய்?

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கு. பின்னேர வெயில் சாயும் நேரமாகப் பார்த்து இறங்கு. புத்தளத்துக்கு ஒரு வீதியும் கற்பிட்டிக்கு ஒரு வீதியுமாகப் பிரியும் அந்த இடத்திலிருந்து உப்பளப் பக்கம் கொஞ்சம் நட. ஐந்து நிமிடம் சும்மா நின்று பார். ஒரு பாத்தியில் தண்ணீர் சாம்பலாகக் கிடக்கும். அடுத்த பாத்தியில் செம்மை படர்ந்திருக்கும். வரப்போரம் குவித்த உப்பு, போகிற வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும்.

எத்தனை வருடமாக இந்த வழியால் போகிறாய்? ஒரு நாளாவது நின்று பார்த்தாயா?

இதே காட்சியை யாரோ ஒருவர் வரைந்து, கொழும்பில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் மாட்டி, கீழே ஐந்து இலக்க விலை எழுதி வைத்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாய். அதே படம் பழைய சாமான் கடையில், கால் உடைந்த கதிரைக்குப் பின்னால், தூசி படிந்து சாய்ந்து கிடந்தால் திரும்பியும் பார்க்க மாட்டாய். படம் ஒன்றுதான். மாறியது என்ன? அங்கே யாரோ உனக்கு ‘இது நல்லது’ என்று சொல்லிவிட்டார்கள். இங்கே சொல்ல ஆள் இல்லை. அடுத்தவன் நாக்கு அசைந்தால்தான் உன் கண் திறக்கும் என்றால், அந்தக் கண் உன்னுடையதா, அவனுடையதா?

அதனால்தான் சொல்கிறேன். பழைய சீனரிப் படம் ஒன்று வாங்கு. கடன்பட்டு வாங்காதே, நகை வைத்து வாங்காதே. ஒரு நாள் உழைப்பைத் தாண்டாத விலைக்கு வாங்கு. யாரிடமும் கேட்காமல் வாங்கு. தன்னை நம்பப் பழகுவதற்கு இதைவிடக் குறைந்த செலவில் ஒரு பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

அளத்தில் படித்த கண்

‘எனக்குக் கலை தெரியாது’ என்கிறாய். உப்பு விளைகிற ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லாதே.

களப்புத் தண்ணீரை முதல் பாத்தியில் விடுகிறார்கள். வெயிலும் காற்றும் அதைத் தடிக்க வைக்கின்றன. பாத்தி மாறி மாறிப் போகும்போது சுண்ணச் சத்து முதலில் அடியில் தங்கிவிடும். அதற்குப் பிறகுதான் உப்பு பூக்கும். பூத்த பிறகும் காத்திருந்தால் மிச்சத் தண்ணீரிலுள்ள மக்னீசியம் கைப்பைக் கொண்டுவந்து கெடுத்துவிடும். காலம் பார்த்து வடிக்க வேண்டும். அளக்கக் கருவி உண்டு. ஆனால் பழகிய தொழிலாளி தண்ணீரின் நிறத்தையும் மேலே மிதக்கும் பொருக்கையும் பார்த்தே நாளைக்கா மறுநாளா என்று சொல்லிவிடுவார். அவருக்கு யார் சான்றிதழ் கொடுத்தது? தினமும் பார்த்தார். தப்பாகவும் பார்த்தார். மறுபடி பார்த்தார். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு காண்கிற கண்ணுக்கு, ஒரு படத்தில் வானத்தை மனமாக வரைந்தானா, ஏனோதானோ என்று பூசினானா என்று தெரியாமல் போகுமா?

கொழும்பில் விகாரமகாதேவிப் பூங்கா ஓரமாக ஒரு வீதி இருக்கிறது. பழைய ஆட்கள் கிரீன் பாத் என்பார்கள். நடைபாதையிலேயே ஓவியங்களைச் சாத்தி வைத்து விற்கிறார்கள். 1993இல் தொடங்கிய ‘கலா பொல’ என்கிற திறந்தவெளி ஓவியச் சந்தையும் அந்த வீதியில்தான் கூடுகிறது. அந்த வீதியின் இன்றைய பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. யார் அவர்? தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். படித்தது நிலவியல். இலங்கையின் கனிமங்களை ஆராயும் அரச வேலைக்கு வந்தவர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போன மனிதரின் கண்ணில், யாரும் சீந்தாமல் கிடந்த கைவினைகள் பட்டன. ‘நான் கல்லுக்குத்தான் படித்தேன், கலைக்குப் படிக்கவில்லை’ என்று அவர் ஒதுங்கவில்லை. 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரை அழைத்துப் பொறுப்புக் கொடுத்தது. முதலில் கண், பிறகு நூல், கடைசியில்தான் பதவி. நீயோ பதவி கிடைத்தால்தான் கண்ணைத் திறப்பேன் என்கிறாய்!

பரணுக்குப் போன வான்கோ

அடுத்தவர் வாய்க்குப் பயந்தால் என்ன நடக்கும் என்று ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை.

1908இல் நோர்வே நாட்டுத் தொழிலதிபர் கிறிஸ்டியன் மஸ்டாட் ஒரு நிலக்காட்சி ஓவியம் வாங்கினார். புதர் மண்டிய மேட்டு நிலம், அந்தி வெளிச்சம். வரைந்தவர் வின்சென்ட் வான்கோ என்று நம்பி வாங்கினார். வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் ‘இது போலி’ என்று சொன்னாராம். அவ்வளவுதான், படம் பரணுக்குப் போனது. 1970இல் மஸ்டாட் இறக்கும்வரை அது சுவருக்கு வரவில்லை. 1991இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகத்திடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். கையெழுத்து இல்லை, வான்கோவுடையது அல்ல என்று அவர்களும் திருப்பி அனுப்பினார்கள். பின்னர் அதே அருங்காட்சியகம் மறுபடி எடுத்து ஆராய்ந்தது. வர்ணங்களைச் சோதித்தார்கள். படத்தின் முதுகில் இருந்த 180 என்ற இலக்கம், வான்கோவின் தம்பி தியோவிடமிருந்த ஓவியங்களின் பட்டியலோடு பொருந்தியது. 1888 ஜூலையில் வான்கோ எழுதிய கடிதம் ஒன்றின் விவரமும் பொருந்தியது. 2013 செப்டம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள்: ‘மொன்மஜூரில் அந்தி’, வான்கோவின் கை வரைந்ததுதான்.

உன் பரணிலும் கோடி கிடக்கும் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆசையோடு படம் வாங்குகிறவன் லொத்தர் சீட்டு வாங்கட்டும்! நான் கேட்பது வேறு. தனக்குப் பிடித்து வாங்கிய அந்தியை, ஒரு சொல்லுக்காக இருட்டில் போட்டு, அறுபது வருடம் அந்த மனிதர் இழந்தாரே, அதை யார் திருப்பிக் கொடுப்பார்? அது போலியாகவே இருந்திருந்தாலும் அவருக்குப் பிடித்த அந்திதானே? இன்னொன்றையும் கவனி. தேர்ந்தவர்களும் தவறினார்கள். ஆனால் மறுபடி பார்த்தார்கள், திருத்திக்கொண்டார்கள். கண் தவறலாம். தவறிய கண்ணுக்கு மருந்து இன்னும் அதிகமாகப் பார்ப்பதுதான்.

‘சல்லி இல்லை’ என்பவனுக்கு

நியூயோர்க்கில் ஹெர்பர்ட் வோகல் என்று ஒருவர் இருந்தார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. மனைவி டொரத்தி நூலகர். மனைவியின் சம்பளத்தில் சாப்பாடும் வாடகையும். கணவனின் சம்பளம் முழுக்க ஓவியத்துக்கு. அவர்கள் வைத்த விதி இரண்டே இரண்டு. விலை தங்கள் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். படம் தங்களுடைய சிறிய அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்க வேண்டும். அவர்கள் வாங்கியது சீனரிப் படம் அல்ல, அன்றைக்குப் பலர் முகம் சுளித்த புதுப்பாணி ஓவியங்கள். 1992இல் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கு அவற்றைக் கொடுக்க முடிவுசெய்தபோது, அந்தச் சின்ன வீட்டிலிருந்து வெளியே வந்தவை ஆயிரக்கணக்கில். விற்றிருந்தால் கோடீஸ்வரர்கள். விற்கவில்லை.

தபால் ஊழியர் சம்பளத்தில் முடிந்தது. உன்னிடம் சல்லி இல்லையா, துணிவு இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்!

ஏன் நிலக்காட்சி?

இந்த ஊர் மண்ணில் நின்று கேட்டால் பதில் நெஞ்சைச் சுடும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வந்து தங்கிய இடங்களில் புத்தளமும் கற்பிட்டியும் பாலாவியும் முக்கியமானவை. இரண்டு மணி நேரத்தில் யார் சுவரிலிருந்து படத்தைக் கழற்றுவார்? பிறந்த தெருவின் வேப்பமரத்தை யார் மடித்துப் பையில் வைப்பார்? போன நிலத்தைக் கண்ணுக்குள் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

1943இல் கொழும்பில் உருவான ஓவியர் அமைப்பான ‘43 குழு’வை நிறுவியவர்களில் ஒருவர் ஐவன் பீரிஸ். வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்து 1988இல் அங்கேயே இறந்தார். அங்கே இருந்துகொண்டு அவர் திரும்பத் திரும்ப வரைந்தது என்ன? இலங்கைக் கரையை. தென்னையை, மணலை, கரையில் நிற்கும் மனிதரை. நிலம் தூரமானாலும் கண் விடவில்லை.

யாரோ பெயர் தெரியாத ஒருவர் வரைந்த பனந்தோப்பு, பழைய கடையில் உன் கண்ணில் படலாம். உன் மூத்தம்மா அதைப் பார்த்து ‘இது எங்கட ஊர்ப் பக்கம் போல இருக்கே’ என்று ஒரு கணம் நின்றால் போதும். அந்தப் படத்துக்கு நீ கொடுத்த காசு வந்து சேர்ந்துவிட்டது.

பார்க்கப் பழகு

வீரம் மட்டும் போதாது, விவரமும் வேண்டும். நான் முதன்முதலாக வாங்கிய ‘எண்ணெய் ஓவியம்’ அச்சடித்த தாள். மேலே வார்னிஷ் பூசியிருந்தது. வீட்டில் ஒரு கிழமை சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். நீ அந்தக் கட்டணம் கட்டாமல் படி.

படத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார். கையால் வரைந்த எண்ணெய் ஓவியத்தில் தூரிகை போன வழி மேடும் பள்ளமுமாகத் தெரியும். கைபேசிக் கெமராவைக் கிட்டக் கொண்டுபோ. வர்ணம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக வரிசையில் நின்றால் அது அச்சு. அச்சும் அழகுதான்; ஆனால் அச்சுக்கான விலையைக் கொடு.

பிறகு முதுகைத் திருப்பு. பிரேம் கடையின் ஒட்டுத்தாள், பென்சில் எழுத்து, ஆணியில் ஏறிய துரு, எல்லாம் பேசும். மஸ்டாட் படத்தை மீட்டதும் முதுகில் இருந்த ஓர் இலக்கம்தானே! கறையான் தின்ற துளை இருக்கிறதா, கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தாளில் கபிலப் புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா என்று பார். இருந்தால் விலையைக் குறைத்துக் கேள். கூச்சப்படாதே.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈரத்துணியோடு பாயாதே. மண்ணெண்ணெய், சவர்க்காரம், வெட்டிய உருளைக்கிழங்கு என்று பத்து வைத்தியம் சொல்வார்கள். ஒன்றையும் கேளாதே. மெல்லிய காய்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டு. நம்முடையது உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பூஞ்சணத்தை அழைக்கும். ஆகவே மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதே, உள்சுவரில் மாட்டு. சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். நீர்வர்ண ஓவியத்தை நேர் வெயில் படாத இடத்தில் வை.

இவ்வளவுதான் பாடம். மிச்சத்தைக் கண் தானே படித்துக்கொள்ளும்.

சிரிப்பார்கள், சிரிக்கட்டும்

படத்தைத் தூக்கிக்கொண்டு நீ வீட்டுக்கு வருவாய். ‘இந்தப் பழசுக்கா சல்லி கொடுத்தாய்?’ என்று உம்மா கேட்பார். ‘யார் வரைஞ்சது?’ என்று கூட்டாளி கேட்பான். தெரியாது என்று சொல். ‘வித்தா எவ்வளவு வரும்?’ என்பான். தெரியாது என்று சொல். ‘அப்ப ஏன் வாங்கினாய்?’ என்று மூன்றாவது கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் உன்னை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்.

‘எனக்குப் பிடிச்சது.’

குரல் நடுங்காமல் இந்த இரண்டு சொல்லைச் சொல்லிப் பார். பழைய படத்தின் முன் இதைச் சொல்லப் பழகியவன், படிக்கிற பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் சொல்வான். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதும் சொல்வான். நாலு பேர் நகைக்கிற நல்ல காரியத்தைத் தொடங்கும்போதும் சொல்வான். சின்னச் செலவில் தன் கண்ணை நம்பிப் பார்க்காதவனுக்குப் பெரிய முடிவில் அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

சுத்தியலை எடு. எந்த இடத்தில் மாட்டுவது என்று வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறாயா? வேண்டாம். நாலடி தள்ளி நின்று நீயே பார். இடம் தெரிகிறதா?

அடி ஆணியை!