கணக்குக் கேட்கத் துணிந்துவிடு!

வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பால் காய்ச்சியாயிற்று.

வேலை முடிந்ததா? இல்லை! இனிமேல்தான் ஆரம்பம்!

கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது? தெரியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தெரியாது. மெயின்டனன்ஸ் என்று மாதாமாதம் வாங்குகிறார்களே, அது எதற்கு? அதுவும் தெரியாது.

இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் 'தெரியாது'?

“அதெல்லாம் அப்பா பார்த்துப்பார்” என்கிறாய். அப்பா திருநெல்வேலியில் இருக்கிறார். நீ வேளச்சேரியில் இருக்கிறாய். சுவிட்சைப் போடுவது நீ. பணம் கட்டுவது நீ. கேள்வி மட்டும் அப்பா வந்து கேட்க வேண்டுமா?

“கேட்டால் ஓனர் கோவிச்சுப்பார்” என்கிறாய். மரியாதையாகக் கேட்டதற்கே ஒருவர் கோபப்பட்டால், அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது உனக்குத்தான் லாபம்!

“நேரமே இல்லை” என்கிறாய். மீட்டர் முன்னால் நின்று ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சாக்குகள் தீர்ந்துவிட்டன. எழுந்திரு!

நேராக மீட்டர் பெட்டிக்குப் போ. வரிசையாக நான்கு மீட்டர் இருக்கும். உன்னுடையது எது? கேள். சொன்னதை அப்படியே நம்பிவிடாதே, சோதித்துப் பார்!

உன் வீட்டு மெயின் சுவிட்சை அணை. சிமிட்டிக்கொண்டிருந்த மீட்டர் விளக்கு சிமிட்டலை நிறுத்துகிறதா? நின்றால் அது உன் மீட்டர். நிற்கவில்லையா? அப்படியானால் வேறு யாரோ எரிக்கும் கரண்டுக்கு நீ பணம் கட்டப்போகிறாய்! அன்றே விசாரி.

ரீடிங்கைப் படம் எடு. 'குடிவந்த நாள் ரீடிங் இது' என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒரே ஒரு வரி. இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போது வரக்கூடிய வாய்ச்சண்டைக்கு இன்றே முற்றுப்புள்ளி!

அடுத்து, மின் இணைப்பு எண்ணை வாங்கு. பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று இணையத்தில் பார். முன்பு குடியிருந்தவர் கட்டாமல் போன பாக்கிக்காக ஃபியூஸைப் பிடுங்கினால், இருட்டில் உட்காரப்போவது அவர் அல்ல, நீ!

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. எடுத்த நாளிலிருந்து 20 நாளைக்குள் கட்ட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ள உனக்கு இன்னொருவர் தேவையா?

இப்போது கூர்ந்து கவனி. பணம் ஒழுகும் இடம் இதுதான்.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு மூன்று ரூபாய்கூட ஆவதில்லை. ஆக, 200 யூனிட் ஓடினால் மின்வாரியக் கணக்கு 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆனால் சப் மீட்டர் வைத்து “யூனிட்டுக்குப் பத்து ரூபாய்” என்று ஒருவர் சொல்கிறார். நீயும் தலையாட்டுகிறாய். அதே 200 யூனிட்டுக்கு 2,000 ரூபாய் போகிறது!

அந்த 2,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? நீ இரவுப் பணி பார்த்து, பேருந்தில் தொங்கிக்கொண்டு போய்ச் சம்பாதித்தது! உழைக்கத் தெரிந்த உனக்குக் கேட்கத் தெரியாதா?

கேள்! “மெயின் பில்லைக் காட்டுங்க சார். மொத்த யூனிட்டில் என் பங்கு எவ்வளவோ, அதைக் கொடுத்துடறேன்.” இவ்வளவுதான். இதில் சண்டை எங்கே இருக்கிறது?

பதில் நியாயமாகவும் இருக்கலாம். பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு என்றால் மொத்த யூனிட் ஏறும், விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிய கணக்கில், 101 முதல் 200 வரையிலான அந்தக் குறைந்த விலையும் கிடைக்காது. பில்லைப் பார்த்தால் உனக்கே புரிந்துவிடும். புரிந்து கொடுக்கிற பணத்தில் கசப்பு இருக்காது!

தண்ணீருக்கு வா. போர் தண்ணீரா, மெட்ரோ வாட்டரா? கோடையில் லாரி வாங்குவார்களா? வாங்கினால் பங்கு எப்படிப் பிரிப்பார்கள்? குடிநீர் வரி வாடகைக்குள் அடக்கமா, தனியா? மோட்டார் ஓடும் பொது மீட்டருக்கு யார் கட்டுகிறார்கள்?

ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் பதில் வாங்கி எழுதி வை. சித்திரை வெயிலில், குழாய் காய்ந்த பிறகு கேட்பாயா? இப்போதே கேள்!

கேஸ் இணைப்பா? “அலைய வைப்பாங்க” என்று போகாமலே சொல்லாதே! அடையாளச் சான்றையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போ. பழைய ஊரில் இணைப்பு இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, அதற்கான சீட்டை வாங்கிக்கொண்டு வா. அந்தச் சீட்டைக் காட்டினால் புதிய ஊரில் இணைப்பைத் தொடரலாம்.

முகவரிச் சான்று இன்னும் தயாராகவில்லையா? அதுவரை 5 கிலோ சிலிண்டரைச் சந்தை விலைக்கு வாங்கலாம். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். வழி இருக்கிறது! தேடுகிறவருக்கு இருக்கிறது!

கேஸ் கசியும் வாடை வந்தால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும்? 1906. மின்சாரப் புகாருக்கு? மின்னகம், 94987 94987. இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டு. ஆபத்து வந்தபின் தேடினால் பதற்றம்தான் கிடைக்கும்.

“நான் சாதாரண ஆள். என் பேச்சை யார் கேட்பார்கள்?” என்கிறாயா?

சட்டம் கேட்கும்! வாடகைதாரருக்கும் வீட்டு உரிமையாளருக்குமான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தனியாக உடன்பாடு இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. தகராறு வந்தால்கூட, தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து உன்னை மிரட்டக் கூடாது என்கிறது!

இந்த உரிமை பெரிய சம்பளக்காரருக்கு மட்டுமா? ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுக்கும் உனக்கும் அதே உரிமை!

ஆகவே எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுது. கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு, மெயின்டனன்ஸில் எவையெல்லாம் அடக்கம். வாயால் சொன்னது காற்றில் போகும். தாளில் எழுதியதுதான் நிற்கும்!

முந்தைய வீட்டில் ஏமாந்துவிட்டாயா? அட்வான்ஸில் பெயின்ட் அடித்த செலவு என்று பிடித்துக்கொண்டார்களா? வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த வலியைச் சுமந்துகொண்டு இங்கேயும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதே பாடத்துக்கு இரண்டாம் முறையும் பணம் கட்டுகிறாய் என்று அர்த்தம்! தோற்றவர் எழலாம். கேட்காமலே இருப்பவர் எப்படி எழுவார்?

உனக்குப் பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். குரல் நடுங்குகிறதா? நடுங்கட்டும். நடுங்கும் குரலில் கேட்டாலும் கேள்வி கேள்விதான்! முதல் முறை நடுங்கும். மூன்றாம் முறை நடுக்கம் குறையும். பத்தாம் முறை, பக்கத்து வீட்டுக்காரர் உன்னிடம் யோசனை கேட்டு வருவார்!

இது வெறும் கரண்ட் பில் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதே. ஓனரிடம் 200 ரூபாய்க்குக் கணக்குக் கேட்கக் கூசும் நாக்கு, மேலாளரிடம் சம்பள உயர்வு கேட்குமா? வங்கியில் வட்டிக் கணக்குக் கேட்குமா? மருத்துவமனையில் “இந்தச் சோதனை எதற்கு?” என்று கேட்குமா?

எல்லா இடத்திலும் பேசப்போவது அதே நாக்குதான்! அதை வாடகை வீட்டு வாசலிலேயே பழக்கு!

அரங்கம் நிறையக் கைதட்டல் வாங்குவதுதான் தன்னம்பிக்கை என்று யார் சொன்னது? அறியாததை அறிந்துகொள்ள ஓர் அடி எடுத்து வைப்பதும் தன்னம்பிக்கையே! அதற்குப் பட்டம் வேண்டாம். பணம் வேண்டாம். சிபாரிசும் வேண்டாம்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. தேதி, ரீடிங், கட்டிய தொகை, ரசீது எண். மாதத்துக்கு ஒரு பக்கம். வருடம் முடியும்போது உன் வீட்டுச் செலவை உன்னைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரில் ஒருவர்கூட இருக்க மாட்டார்!

உழைப்பு உன்னுடையது. பணம் உன்னுடையது. அதன் கணக்கு மட்டும் ஏன் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும்?

போ! கதவைத் தட்டு! கேள்!