காபாவோன் ஊராருக்குக் கொடுத்த வாக்கு



ஜோசுவா ஆகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்திரக் கதை இருக்கிறது. காபாவோன் ஊரார் பக்கத்தில்தான் குடியிருந்தார்கள். ஆனாலும் கிழிந்த செருப்பும், பூசணம் பிடித்த அப்பமும், ஒட்டுப்போட்ட திராட்சரசத் துருத்தியுமாக வந்து, வெகுதூரத்திலிருந்து வருவதாகச் சொல்லி, இஸ்ராயேல் மக்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மூன்றாம் நாள் குட்டு வெளிப்பட்டது. சனங்கள் முறுமுறுத்தார்கள். தலைவர்களோ, ஆண்டவர் பெயரால் ஆணையிட்டாயிற்று, இனி அவர்களைத் தொடக்கூடாது என்று தீர்த்துவிட்டார்கள். அவர்களை விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தார்கள். ஆனால் கொல்லவில்லை.

அதற்கு அடுத்த அதிகாரத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இஸ்ராயேலோடு சேர்ந்த குற்றத்துக்காகவே ஐந்து அரசர்கள் காபாவோனை முற்றுகையிட்டார்கள். "ஏமாற்றினவர்கள்தானே, படட்டும்" என்று ஜோசுவா இருந்திருக்கலாம். அவரோ கல்கலா பாளையத்திலிருந்து இராமுழுவதும் படையோடு நடந்து, விடியுமுன் அங்கே போய்ச் சேர்ந்தார். சூரியன் நின்றது என்று நாம் வியந்து படிக்கிறோமே, அது இந்த யுத்தத்தில்தான். பொய் சொல்லி நட்புப் பிடித்த ஓர் ஊரைக் காக்கப் போன இடத்தில் சர்வேசுரன் அந்த அற்புதத்தைச் செய்தார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. 2019-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், சிரியா தேசத்தின் வடகிழக்கு எல்லையிலிருந்து தம் போர்வீரரை விலக்கிக்கொண்டார். ஐ.எஸ். கொடியவர்களை எதிர்த்து அமெரிக்கரோடு தோள்சேர்ந்து போரிட்டு ஆயிரக்கணக்கில் மடிந்த குர்து மக்கள் அங்கே இருந்தார்கள். சில நாளைக்குள் துருக்கிப் படை அவர்கள்மேல் பாய்ந்தது. அதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர், "வெள்ளைக்காரன் புத்தி அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன் நம் கடலுக்கு அக்கரையை ஒருமுறை பார்க்க வேண்டாமா?

1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாளே நம் அமைதிப்படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. அந்தப் படையால் அங்குள்ள சனங்கள் பட்ட துன்பத்தை நான் மறைக்கவில்லை. அவ்வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளும் சுட்டுக் கொல்லப்பட்டது யாராலும் மறக்கக்கூடியதன்று. நம் சிப்பாய்களும் 1,100 பேருக்கு மேல் அந்த மண்ணில் உயிர்விட்டார்கள். 1988 நவம்பரில் தேர்தல் நடந்து, ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கத்தைச் சேர்ந்த வரதராஜப் பெருமாள் வடகிழக்கு மாகாணத்துக்கு முதலமைச்சரானார். இந்தியா இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் நின்ற அரசு அது.

கொழும்பில் ஆள் மாறியது, டில்லியிலும் மாறியது. பிரேமதாசா நம் படை போகவேண்டும் என்றார், வி.பி. சிங் அரசு அதை முடித்துவைத்தது. 1990 மார்ச் 24-ந் தேதி கடைசிச் சிப்பாயும் திருக்கோணமலையில் கப்பலேறினான்.

படை திரும்பினதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அந்நிய மண்ணில் எந்நாளும் பட்டாளம் இருக்க முடியாது. திரும்பின விதமே விசனம். போகுமுன் அவ்விடத்துக் காவலுக்கென்று "தமிழ்த் தேசிய ராணுவம்" என ஒன்று கூட்டப்பட்டது. அதற்கு ஆள் எப்படிச் சேர்ந்தது தெரியுமா? பள்ளிக்கூடம் போன பையன்களையும் கடைத்தெருவுக்குப் போன வாலிபர்களையும் பிடித்துக்கொண்டுபோய், தலைமயிரை ஒட்ட வெட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பிடித்தவர்கள் நம்மை நம்பியிருந்த இயக்கத்தார். நம் படையோ பார்த்துக்கொண்டிருந்தது. படை விலக விலக, விடுதலைப் புலிகள் நெருங்கி வந்தார்கள். அந்தப் பையன்களில் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் பிடிபட்டார்கள். பெருமாள் இந்தியாவுக்குத் தப்பி வந்தார். கப்பலில் வந்தவர்களில் ஒரு தொகுதியாருக்குத் தமிழ்நாட்டில் இடமில்லாமற்போய், தமிழ் வழங்காத ஒரிசாவில் மல்கான்கிரி வரையில் போய்த் தங்கினார்கள். இயக்கத் தலைவர் பத்மநாபாவோ 1990 ஜூன் 19-ந் தேதி, நம் சென்னைப் பட்டணத்துக் கோடம்பாக்கத்திலேயே, கூட இருந்த பலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

"சாமி, அவர்கள் மாத்திரம் யோக்கியர்களா?" என்று கேட்பீர்கள். பையன்களைப் பிடித்தது மகா பாவம். அதற்கு அவர்கள் சர்வேசுரனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் காபாவோன் ஊராரும் யோக்கியர்களல்லவே. தாவீது அரசர் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தபோது அவர் ஆண்டவரிடம் காரணம் கேட்டார். காபாவோன் ஊராரைச் சவுல் கொன்றதே காரணம் என்று மறுமொழி வந்தது. உடன்படிக்கை செய்த தலைமுறை மண்ணாகிப் போயிருந்தது, ஆணை மண்ணாகவில்லை. மேலும், பிடிக்கப்பட்ட அந்தப் பையன்கள் செய்த மோசம் என்ன?

இது ராஜாங்க விஷயம், நமக்கென்ன என்று நினையாதேயுங்கள். நம் ஊர்ப்பக்கம் வரப்புத் தகராறுக்குப் பஞ்சமில்லை. ஒருவன் கோர்ட்டுக்குப் போகிறான். "அண்ணே, நீங்கள் வந்து உண்மையைச் சொன்னால் போதும்" என்று பக்கத்துக் காட்டுக்காரனைச் சாட்சிக்கு அழைக்கிறான். அந்த மனிதனும் வருகிறான், எதிராளிக்குப் பகையாகிறான். ஆறு மாதம் கழித்து வாதியும் பிரதிவாதியும் ராஜியாகி, ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். சாட்சி சொன்னவன் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையில் மாத்திரம் முள் கிடக்கிறது. அவனுக்காக அந்த ராஜியில் ஒரு வார்த்தை பேசினவர் உண்டா? எத்தனை வீடுகளில் இந்தக் கதையை நான் கேட்டிருக்கிறேன்!

நம் ஜில்லாவிலேயே வேறுவிதமாக நடந்தவர்களும் உண்டு. 1772-ல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த சிவகங்கை வேலுநாச்சியார், பழனி போகிற வழியிலுள்ள விருப்பாச்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ஏறக்குறைய எட்டு வருஷம். நவாபுக்கும் கும்பினிக்கும் பகையான விருந்தாளியை அத்தனை காலம் வைத்திருப்பது எளிதா? 1780-ல் ஹைதர் அலியின் படையுதவியோடு நாச்சியார் தம் சீமைக்குத் திரும்பும்வரையில் ஆதரவு குறையவில்லை.

நமது ஆண்டவரைப் பாருங்கள். ஜெத்சேமனிப் பூங்காவனத்தில் சேவகர் தம்மைப் பிடிக்க வந்தபோது, தம்மைத்தான் தேடுகிறார்களென்றால் கூட இருந்த சீஷர்களைப் போகவிடும்படி முதலில் கேட்டுக்கொண்டார். அந்தப் பதினொருவரும் சற்றுநேரத்தில் ஓடப் போகிறவர்கள் என்று அவருக்குத் தெரியாதா?

திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் அங்கே 321 புது வீடுகள் திறக்கப்பட்டன, நல்ல காரியம். ஆனால் 2019-ம் வருஷக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று தேசத்து அகதிகளைச் சேர்த்தபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, அகதி என்ற பெயரோடே கலியாண வயதுக்கு வந்த பிள்ளைகள் அந்த முகாம்களில் இருக்கிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை காலைப் பூசை, 1990-ல் பெயர் தெரியாமல் மாண்ட அந்த வாலிபர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படும். பூசைக்குப் பின் முகாமுக்குப் போய்வர எண்ணுகிறேன். உடன்வர விரும்பும் குடும்பத்தார் புதன்கிழமைக்குள் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். பழைய துணி மூட்டையைக் கொண்டுவர வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து பேச நேரத்தைக் கொண்டுவாருங்கள்.