எதிர்காலத் திட்டம் என்றொரு கட்டம்

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்துறைப் பக்கத்திலிருந்து அண்ணன் மகள் பெரம்பலூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை சேர்வதற்கு. மற்றது அந்தப் படிப்புக்கு மத்திய அரசு தரும் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. படிப்பு முடிந்தபின் என்ன செய்யத் திட்டம்?

"என்ன எழுதுறது சித்தப்பா? உள்ளத எழுதுனா போச்சுங்கறாங்க. இல்லாதத எழுத மனசு வரல."

உள்ளது இதுதான். அவள் அப்பாயி, அதாவது என் அம்மா, அரியலூர்ப் பக்கம் கொல்லைகளில் களையெடுத்துப் பிழைத்தவள். சுண்ணாம்புக்கல் தோண்ட அந்தக் கொல்லைகள் சிமெண்ட் கம்பெனிக்குப் போயின. பட்டா வைத்திருந்தவர்கள் பணம் வாங்கினார்கள். களைக்கொத்து மட்டும் வைத்திருந்தவளுக்கு ஒன்றும் இல்லை. நிலம் எடுக்கும் 1894 சட்டத்தின் நஷ்டஈட்டுக் கணக்கில் கூலிக்காரிக்கு இடமே கிடையாது. 2013-இல் வந்த புதுச் சட்டம்தான், மூன்று வருஷம் அங்கே வேலை செய்து பிழைத்த நிலமற்ற குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒப்புக்கொண்டது. காகிதத்தில் வந்த இந்த உரிமை சேரிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று ஆராய வேண்டும், பிறகு அதற்காக வேலை செய்ய வேண்டும் என்பது அவள் திட்டம்.

அவளுடைய சிநேகிதிகள் சொன்ன யோசனை வேறு. 'பன்னாட்டு நிறுவனத்தில் ஆலோசகராவேன்னு போடு. கேக்குறவனுக்குப் பிடிக்கும்.'

எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. எண்பதுகளில் ஒரு கல்லூரி நேர்காணல். 'என்னடா ஆகப் போற?' என்று கேட்டார்கள். 'வக்கீல் சார்' என்றேன். 'உங்காளுங்க கோர்ட்டுக்குப் போனா கூண்டுலதான நிப்பீங்க' என்றார் ஒருவர். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு கல்லூரியில் அதே கேள்வி. 'ஒரு குமாஸ்தா வேலை கெடச்சாப் போதும் சார்.' தலையை ஆட்டினார்கள், சேர்த்துக்கொண்டார்கள். நான் குமாஸ்தாவாகத்தான் ஓய்வு பெற்றேன். பயந்து சொன்ன பொய்யை முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து தீர்த்தேன். அந்தப் பொய்யால் ஏமாந்தவன் நான் ஒருத்தன்தான்.

இந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவான கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் பிறக்கும்போதே எதிர்காலத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்ட சமூகத்தில், நீ என்ன ஆகப்போகிறாய் என்று நம்மைக் கேட்பது மரியாதையாகவும் இருக்கிறது, பொறியாகவும் இருக்கிறது. பெரிதாகச் சொன்னால் 'ஆசையப் பாரு' என்பார்கள். சிறிதாகச் சொன்னால் 'இதுக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு' என்பார்கள்.

குழுமூர் அனிதா தன் திட்டத்தை மறைக்கவில்லை. டாக்டராக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னார். 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியவர். அந்த வருஷம் நீட் வந்தது, கதவு மூடியது. செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அதற்குப் பிறகும் சிலர் பேசினார்கள்: 'இன்ஜினியரிங் போயிருக்கலாமே, வேற படிப்பா இல்ல?' நல்லெண்ணத்தில் கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. எதைக் கொடுக்கிறார்களோ அதை விரும்பிக்கொள், நீயாக ஒன்றை விரும்பாதே என்கிற தீர்ப்பு. இன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் அரங்குக்கு அனிதா பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் உட்கார்ந்து படித்திருக்க வேண்டிய இடம் வகுப்பறை.

நம் பக்கத்திலும் ஒரு கட்டாயம் உண்டு. நம் பிள்ளை என்றால் 'படித்துவிட்டு என் மக்களுக்குச் சேவை செய்வேன்' என்று எழுதியாக வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளை நட்சத்திரம் பார்க்கப் பிடிக்கும் என்று எழுதினால் போதும். நம் பிள்ளை தனக்குப் பிடித்ததைப் படிக்கக்கூட ஊருக்கு ஈடு எழுதிக் கொடுக்க வேண்டுமா? சேவை செய்ய மனசு இருந்தால் எழுதட்டும். நுழைவுக் கட்டணமாக அதைக் கேட்பது தப்பு, அதை நாமே கேட்டாலும் தப்பு.

அம்பேத்கர் ஈடு எழுதிக் கொடுத்துத்தான் போனார். 1913-இல் கொலம்பியா போகுமுன், படித்து முடித்துப் பரோடா சமஸ்தானத்தில் பத்து வருஷம் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டார். 1917-இல் சொன்னபடி போய்ச் சேர்ந்தார். பரோடாவில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சிப் பெயர் சொல்லிப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் கம்போடு வந்து விரட்டினார்கள். வாக்குக் கொடுத்தவர் வந்து நின்றார். அந்த ஊர் அவருக்கு ஒரு அறை கொடுக்கவில்லை. 1920-இல் மறுபடி லண்டன் போய் விட்ட படிப்பை முடித்தார். பின்னால் அவர் செய்த காரியங்கள் 1913 ஒப்பந்தத்தில் எழுதியவை அல்ல. திட்டம் என்பது அடிமைச் சாசனம் இல்லை. இன்று மனசார எழுதியது நாளைக்கு மாறினால் அது பொய்யாகிவிடாது.

அப்படியானால் உள்ளதை உள்ளபடி எல்லா இடத்திலும் எழுதிவிடலாமா? இங்கேதான் சிக்கல். 2022-இல் அந்த உதவித்தொகையின் விதியைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்றார்கள். யாருக்காக ஏற்பட்ட உதவித்தொகை? தலித்துகளுக்கும் சீர்மரபினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும். களையெடுத்தவளின் பேத்தி வெளிநாடு போகலாம், ஆனால் களையெடுத்தவளைப் பற்றிப் படிக்கக் கூடாது.

ராத்திரி வரை பேசினோம். கேட்கிறவர்களில் இரண்டு வகை என்று எனக்குப் பட்டது. நம்மைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் ஒரு வகை. அவருக்கு உண்மை கடன். நம் பெயரை அடிக்கக் காரணம் தேடிக் கேட்கிறவர் இன்னொரு வகை. அவரிடம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டிய கடமை நமக்கு இல்லை. ஆனால் அங்கேயும் சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாததைச் சொல்வது வேறு. சொல்லாததை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். பயந்து சொன்ன பொய் மெல்ல மெல்ல ஆளை விழுங்கிவிடும். என்னைப் பார்த்தாலே தெரியும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அப்பாயி, கொல்லை, 2013 சட்டம் எல்லாவற்றையும் எழுதினாள். உதவித்தொகைப் படிவத்தில் 'வளர்ச்சிப் பொருளாதாரம்' என்று படிப்பின் பெயரை எழுதி, 'ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் ஈடுபடுவேன்' என்று ஒரு வரி போட்டாள். இரண்டும் மெய்தான். ஆனாலும் எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பாயி பேர இங்க மட்டும் மறைச்ச மாதிரி இருக்கே சித்தப்பா?"

ஆமாம் பாப்பா, இருக்கிறது என்றேன். அந்த உறுத்தலுக்கு என்னிடம் மருந்து இல்லை. அது அவள் செய்த தப்பின் உறுத்தல் அல்ல, அந்த விதியை எழுதியவர்களுக்கு இருக்க வேண்டிய உறுத்தல் என்று மட்டும் சொன்னேன். பாதி மனசோடு தலையாட்டினாள். காலையில் முதல் பஸ்ஸில் அரியலூர் போனாள். தாசில்தார் அலுவலகத்தில் இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது.